மீந்த சோற்றின் கணக்கு

ஓட்டல் சமையற்கட்டில் இரண்டு சொற்களை ஒருபோதும் மாற்றிச் சொல்லக் கூடாது. அண்டாவில் தங்கிவிட்ட சாம்பார் மீந்தது. இலையில் தங்கிவிட்ட சாம்பார் எச்சில். இரண்டும் ஒரே அடுப்பில் கொதித்தவைதாம் என்றாலும், முதலாவதை இன்னொருவரின் பசிக்குக் கொடுக்கலாம். இரண்டாவது பின்வாசல் டிரம்முக்குப் போய், விடியற்காலையில் பன்றிப் பண்ணைக்காரரின் வண்டியில் ஏறிவிடும். நான்கு கிளைகள் கொண்ட ஒரு சைவ ஓட்டலில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். அதனால், பெரிய உணவக நிறுவனம் ஒன்று தொண்டு அமைப்போடு ஒப்பந்தம் போட்டு, உணவு வீணாவதைத் தடுக்கப் போவதாக அறிவிக்கும்போதெல்லாம், கொடுப்பது எதை, எத்தனை மணிக்கு, வண்டிக் கூலி யாருடையது என்று கேட்கத்தான் எனக்கு முதலில் தோன்றுகிறது.

இந்த ஏற்பாடு புதிதன்று. அமெரிக்காவில் பீட்சா ஹட் நிறுவனம், விற்காமல் மீந்த பீட்சாக்களை ஆதரவற்றோர் விடுதிகளுக்குக் கொடுக்கும் திட்டத்தை 1992-இலேயே தொடங்கிவிட்டது. ஆலிவ் கார்டன் உணவகங்களை நடத்தும் டார்டன் நிறுவனம் 2003 முதல் ‘ஹார்வெஸ்ட்’ என்ற பெயரில் தன் கிளைகளில் மீந்தவற்றை அருகிலுள்ள அமைப்புகளுக்குக் கொடுத்து வருகிறது. இடையில், 1996-இல் வந்த பில் எமர்சன் சட்டம், நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவரையும் அதை வாங்கி விநியோகித்தவரையும், மிக மோசமான அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தீங்கோ இல்லாதவரை, வழக்கிலிருந்து காத்தது. கொடுத்த உணவுக்கு, அடக்கவிலைக்கும் மேலாக வருமான வரியில் கழிவு பெறவும் அங்கே வழி உண்டு. இதைக் கேட்டதும், அப்படியானால் இது தருமமில்லை, வியாபாரம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. புண்ணியத்தை மட்டும் நம்பி நடக்கும் காரியம் முதலாளியின் மனநிலையைப் பொறுத்து நின்றுபோகும். பேரேட்டில் ஏறிய காரியம் முதலாளி ஊரில் இல்லாத நாளிலும் நடக்கும்.

ஆனால் அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்துவிட முடியாது. அங்கே சூப்பையும் கோழியையும் முறைப்படி ஆறவைத்து, உறையவைத்து, தொண்டு அமைப்பு வந்து எடுத்துப்போகும் நாள்வரை பத்திரப்படுத்தலாம். சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அதிலிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும் என்பது அவர்கள் பின்பற்றும் அளவு. எங்கள் ஓட்டலில் உறைபெட்டி வாங்கியதே ஐஸ்கிரீமுக்காகத்தான். நாற்பது லிட்டர் சாம்பார் அண்டாவை மூடி வைத்தால், மே மாத இரவில் அதன் நடுப்பகுதி நள்ளிரவு வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வெதுவெதுப்பில்தான் எல்லாக் கேடும் விளைகிறது. தேங்காய்ச் சட்டினி முதலில் போகும். கூட்டும் அவியலும் அதன் பின்னாலேயே போகும். ரசம் சற்றுத் தாங்கும். புளியோதரை மறுநாள் காலை வரைக்கும் கூட நிற்கும். வெறும் சோற்றுக்கு என்ன ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநிலையிலும் சாவதில்லை. வெந்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, மறுபடி சூடாக்கினாலும் அழியாத நச்சை விட்டுவைக்கின்றன. (தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைக்கும் பழையசோறு வேறு கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் முதலாளி முதலில் மீந்ததைக் கொடுக்கவே சம்மதிக்கவில்லை. "நாளைக்கு நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என் போர்டுதான் பேப்பரில் வரும்" என்றார். அவருடைய பயம் கருமித்தனம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒருவழியாக அவர் இசைந்து, ஒரு தன்னார்வ அமைப்பிடம் சொல்லிவைத்த முதல் இரவில், பத்தரை மணிக்கு வர வேண்டிய வண்டி பதினொன்றே முக்காலுக்கு வந்தது. இருபது வயதைத் தாண்டாத இரண்டு பையன்கள். ஒருவன் அண்டாவின் மூடியைத் திறந்து முகர்ந்தான். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி, ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தான். சாம்பாரின் விளிம்பில் பொடிப்பொடியாக நுரை கட்டியிருந்தது. "அண்ணா, ஊசிடுச்சு. சோறு மட்டும் கொடுங்க" என்றான். சோறு வடித்து எவ்வளவு நேரமாயிற்று என்று அடுத்துக் கேட்டான். எட்டு மணிக்கு வடித்தது என்று மாஸ்டர் சொன்னதும், அதுவும் வேண்டாம் என்று மூடிவிட்டார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போகிறார்களே என்று எங்களுக்கு வருத்தம், மாஸ்டருக்கோ கோபம். ஆனால் அந்தப் பையன்கள் மீது எனக்கு மரியாதை வந்தது அந்த இரவில்தான்.

கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு, கல்யாண மண்டபங்களிலும் மற்ற விசேஷங்களிலும் மீந்ததை எடுத்துப் பசித்தவர்களிடம் சேர்த்து, இது நம் ஊரிலும் நடக்கக்கூடிய காரியம்தான் என்று காட்டியது. 2019-இல் நடுவண் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மீந்த உணவைப் பெற்று விநியோகிப்பதற்கென்றே தனி விதிமுறைகளை வெளியிட்டது. எங்கள் முதலாளியைப் போன்றவர்களுக்கு அப்படியொரு அரசுத் தாள் தேவையாகத்தான் இருந்தது. அதன் பிறகு நாங்கள் கடைசி நேரத்து மீதியைக் காத்திருந்து கொடுப்பதை விட்டுவிட்டு, இரவு ஒன்பது மணிக்கே கணித்து, இனி விற்காது என்று தெரிந்ததைச் சுடச்சுட எவர்சில்வர் தூக்குகளில் நிரப்பி, பொருளின் பெயரையும் சமைத்த நேரத்தையும் தாளில் எழுதி ஒட்டிக் கொடுக்க ஆரம்பித்தோம்.

இனி வண்டிக் கூலி. சோற்றை இலவசமாகக் கொடுத்ததோடு தம் கடமை முடிந்தது என்று உணவகங்கள் நினைக்கின்றன. டீசல், டிரைவர் சம்பளம், பாத்திரம் கழுவும் ஆள் என்று எல்லாச் செலவும் தொண்டு அமைப்பின் தலையில் விழுகிறது. உணவகத்துக்கோ குப்பை அள்ளும் செலவு மிச்சம். மையச் சமையற்கூடம் வைத்துக் கிளைகளுக்கு வேனில் சரக்கு அனுப்பும் நிறுவனங்கள், திரும்பும்போது காலியாக வரும் அதே வேனில் மீந்ததை ஏற்றி ஓரிடத்தில் இறக்கிவிட்டாலே பாதிச் சுமை குறைந்துவிடும். கேட்டால், வேன் வேறு பிரிவு, அறக்கொடை வேறு பிரிவு என்பார்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது, இத்தனை லட்சம் வேளை உணவு அளித்தோம் என்று அச்சடிக்கும் அந்த எண்தான். அமெரிக்க உணவு வங்கிகளின் கணக்கில் 1.2 பவுண்டு, அதாவது சுமார் 544 கிராம், ஒரு வேளை. எடையை அந்த எண்ணால் வகுத்தால் வேளைகள் கிடைத்துவிடும். எங்கள் ஓட்டல் கணக்கையும் அப்படி எழுதினால், 54 கிலோ சாம்பார், ஒரு பருக்கை சோறும் இல்லாமலே, ஏறக்குறைய 100 பேருக்குச் சாப்பாடாகிவிடும். அது போகட்டும். உலகில் 2022-இல் வீணான 105 கோடி டன் உணவில் 29 கோடி டன் உணவகங்களும் கேன்டீன்களும் போன்ற இடங்களில் வீணானது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. இதைக் குறைப்பதுதான் நோக்கமென்றால், எவ்வளவு கொடுத்தோம் என்பதற்கு முன்னால் எவ்வளவு மீந்தது என்பதை வெளியிட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அது இறங்கவும் வேண்டும். கொடை ஏறிக்கொண்டே போகிறது என்றால், கிளைகள் பெருகாத நிலையில், சமையற்கட்டில் யாரோ கணிப்பில் தவறிக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

தூக்குகளை எடைபோட்டுக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கே அது தெரிந்தது. அதுவரை, இன்றைக்குக் கொஞ்சம் மீந்துவிட்டது என்று வாய்வார்த்தையாகப் போய்க்கொண்டிருந்த விஷயம் பேரேட்டில் கிலோவாக ஏறியது. செவ்வாய்க்கிழமை இரவுகளில் எப்போதும் இட்லி மாவைக் கூடுதலாக ஊற்றுகிறோம் என்பதும், மழை பெய்தால் சாப்பாட்டுக் கூட்டம் பார்சலுக்கு மாறிவிடுவதால் பொரியல் தேங்கிவிடுகிறது என்பதும் மாஸ்டருக்கு அந்தப் பேரேட்டைப் பார்த்துத்தான் உறைத்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் மறுநாள் இன்டென்டை, அதாவது சமையலுக்கு வேண்டிய சரக்குப் பட்டியலை, குறைத்து எழுதினார். சில மாதங்களில் எங்கள் கிளையின் மீதி பாதிக்கும் கீழே வந்தது. சில இரவுகளில் வண்டியே வர வேண்டாம் என்று போன் செய்து சொன்னோம்.

அந்த ஆண்டு விழாவில் அந்த அமைப்பும் எங்கள் நிர்வாகமும் சேர்ந்து, அதிகமாக உணவு வழங்கிய கிளைக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். எங்களுக்குக் கிடைக்கவில்லை. பேருந்து நிலையக் கிளை வாங்கியது. அங்கே மீந்ததை எடைபோட்டார்கள். பேரேட்டை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.