எட்டு நாளில் ஏழு தீவுகள்

அக்கா: நீ அனுப்பிய கிரீஸ் தீவுப் பயண அட்டவணையை முழுவதும் படித்துவிட்டேன். மிக்கோனோஸ் மூன்று, பாரோஸ் இரண்டு, நக்சோஸ் இரண்டு, மிலோஸ் இரண்டு, சாண்டோரினி நான்கு என்று பதற்றமில்லாமல் பிரித்திருக்கிறாய். முதன்முறையாகக் குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள் இப்படித்தான் போக வேண்டும். டெலோஸுக்கு நேரே ஒன்று என்று போட்டிருப்பதை மட்டும் எடுத்துவிடு. அந்தத் தீவு முழுவதுமே தொல்லியல் இடம். மாலைக்குள் எல்லோரையும் படகில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இரவு தங்க அனுமதி கிடையாது.

தம்பி: இரவு தங்குவதைப் பற்றி நான் எங்கே எழுதியிருக்கிறேன், அக்கா? டெலோஸில் ஒரு மணி நேரம்தான் நிற்கிறோம்.

அக்கா: சரி, டெலோஸுக்கு மணிக்கணக்கு. மற்றவற்றுக்கு?

தம்பி: மற்றவற்றுக்கும் மணிக்கணக்குதான்.

அக்கா: சாண்டோரினிக்கு எதிரே இருக்கும் நான்கு?

தம்பி: நான்கு மணி நேரம். ஏழு தீவுகளில் அதற்குத்தான் அதிகமாக ஒதுக்கியிருக்கிறேன். ஓயாவில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் நீங்கள்தானே?

அக்கா: அங்கே எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறோம்?

தம்பி: காலை பத்து மணிக்கு.

அக்கா: இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுகிறோம். இந்த ஏற்பாட்டைச் சூரியனிடம் சொல்லிவிட்டாயா, அல்லது நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாயா?

தம்பி: சூரியன் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே சூரியன்தான். கப்பலிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா: சரி, நான்கு மணி நேரத்தையே எடுத்துக்கொள்வோம். கப்பல் நிற்கும் அத்தினியோஸ் துறைமுகம் செங்குத்தான மலைச்சரிவின் அடியில் இருக்கிறது. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் பேருந்து பிடித்துத் தீவின் முக்கிய ஊரான ஃபிராவுக்குப் போக வேண்டும், ஃபிராவில் பேருந்து மாறித் தீவின் வடக்கு முனையில் இருக்கும் ஓயாவுக்குப் போக வேண்டும், அதே வழியில் திரும்பி வந்து கப்பல் புறப்படுவதற்கு முன்பே துறைமுகத்தில் காத்து நிற்க வேண்டும். உன்னுடைய நான்கு மணி நேரத்தில் நாம் பார்க்கப்போவது பேருந்தின் உட்புறத்தை.

தம்பி: பேருந்துக்கு ஜன்னல் உண்டு, அக்கா.

(இந்தப் பதிலைத் தம்பி நகைச்சுவையாகச் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பயணத் திட்டம் போடுகிறவர்களில் ஒரு வகையினர் ஜன்னலை முழுமையாக நம்புகிறவர்கள்.)

அக்கா: இரவில் எங்கே தூங்குவதாக உத்தேசம்?

தம்பி: கப்பலில். விடுதிச் செலவு மிச்சம். பகல் முழுவதும் தீவு, இரவு முழுவதும் பயணம்.

அக்கா: பாரோஸிலிருந்து நக்சோஸுக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. நீ போர்வையை விரிப்பதற்குள் கப்பலின் பின்கதவு இறங்கிவிடும். இந்தத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களில் பெரும்பாலானவை பகலிலும் மாலையிலும் ஓடுகிறவை. உன் திட்டப்படி நாம் இரவில் படுக்கப்போவது துறைமுகத்துச் சிமெண்ட் தரையில்.

தம்பி: ஏதென்ஸ் துறைமுகமான பிரேயஸிலிருந்து சாண்டோரினிக்கு எட்டு மணி நேரம் ஆகிறதே?

அக்கா: அது பெரிய கப்பலுக்கு, வேகப் படகு ஐந்து மணி நேரத்தில் போய்விடும். தூக்கம் முக்கியமா, தீவு முக்கியமா என்று நீ முதலில் முடிவு செய். அது போகட்டும், பட்டியலின் கடைசியில் கோர்ஃபு என்று ஒன்று இருக்கிறதே, அது எப்படி உள்ளே வந்தது?

தம்பி: வரைபடத்தில் விரல் வைத்து அளந்தேன். சாண்டோரினியிலிருந்து நான்கு விரல் தூரம்தான்.

அக்கா: அந்த நான்கு விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று விரலை எடுத்துப் பார்த்தாயா?

தம்பி: கடல்.

அக்கா: கிரீஸ் நாடு. சாண்டோரினி இருப்பது கிழக்கே ஏஜியன் கடலில்; கோர்ஃபு இருப்பது மேற்கே அயோனியக் கடலில், அல்பேனியாவுக்குப் பக்கத்தில். நடுவில் ஒரு தேசம் மலைகளோடு கிடக்கிறது. பெரும்பாலும் ஏதென்ஸுக்குத் திரும்பி வந்து வேறு விமானம் ஏறித்தான் அங்கே போக வேண்டியிருக்கும். எல்லாத் தீவுக்கும் எல்லாத் தீவிலிருந்தும் கப்பல் இருக்கும் என்று நீ நகரப் பேருந்து நிறுத்தங்களைப் போல நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் பட்டியலின் மற்ற ஆறு தீவுகளும் இருக்கும் சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்துக்குள்ளேயேகூடக் கப்பல்கள் வரிசை வரிசையாகத்தான் ஓடுகின்றன. பாரோஸ், நக்சோஸ், சாண்டோரினி ஒரு வரிசை. செரிஃபோஸ், சிஃப்னோஸ், மிலோஸ் மேற்கே இன்னொரு வரிசை. ஒரே வரிசையில் போவது எளிது. வரிசை மாறுவதற்குக் கோடை உச்சத்தில்கூட ஒரு சில படகுகள்தான் இருக்கும், மற்ற மாதங்களில் இன்னும் குறைவு.

தம்பி: அப்படியானால் மிலோஸை எப்படி விடுவது? வீனஸ் சிலையைப் பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அக்கா: அந்தச் சிலையை அங்கே கண்டெடுத்தது 1820-இல். அடுத்த ஆண்டே பாரிஸுக்குப் போய் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நின்றுகொண்டது. இருநூறு ஆண்டுகளாக மிலோஸுக்கு வராதவளைப் பார்க்க நீ இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறாய். மிலோஸில் பார்க்க வேண்டியது சரகினிகோ கடற்கரையின் வெள்ளை எரிமலைப் பாறைகளை. அதற்கு உன் அட்டவணையில் இடமில்லை.

தம்பி: சரி, மிலோஸையும் கோர்ஃபுவையும் எடுத்துவிட்டால் எண்ணிக்கை ஐந்தாகிவிடுகிறது. ஐந்து என்று வெளியில் சொன்னால் எப்படி இருக்கும்?

அக்கா: யாரிடம் சொல்ல?

தம்பி: பொதுவாகச் சொல்கிறேன்.

அக்கா: கிரீஸில் குட்டித் தீவுகளையும் சேர்த்து ஏறத்தாழ 6,000 தீவுகள் இருக்கின்றன, மனிதர் வசிப்பவை மட்டும் 227. நீ ஏழு பார்த்தாலும் ஐந்து பார்த்தாலும் கேட்கிறவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

தம்பி: அக்கா, ஒரு சந்தேகம். நக்சோஸ் துறைமுகத்தை ஒட்டியே அப்பல்லோ கோயிலின் பெரிய பளிங்கு வாசல் நிற்கிறதாம், கப்பலிலிருந்தே தெரியுமாம். அதைப் பார்த்துவிட்டால், இறங்காமலேயே நக்சோஸைப் பார்த்ததாகக் கணக்கில் சேர்க்கலாமா?

அக்கா: தாராளமாகச் சேர்க்கலாம். விமானத்தில் ஜன்னல் இருக்கை வாங்கிக்கொண்டால் இன்னும் வசதி. ஏதென்ஸில் இறங்குவதற்கு முன்பே ஒரு டஜன் தீவுகளை முடித்துவிடலாம். மேகம் இல்லாமல் இருந்தால் போதும்.

தம்பி: நீங்கள் கேலி செய்கிறீர்கள்.

அக்கா: இல்லை, விதிமுறையைத் தெரிந்துகொள்கிறேன். கண்ணால் பார்த்தது ஒரு தீவு என்றால், காலால் மிதித்தது எத்தனை?

தம்பி: அதுவும் ஒன்றுதான்.

அக்கா: அப்படியானால் மிதிப்பது வீண் செலவு. எந்த மாதத்தில் போகிறோம்?

தம்பி: ஆகஸ்டில். அப்போதுதான் எல்லோருக்கும் விடுமுறை.

அக்கா: எல்லோருக்கும் என்றால் உலகத்தில் எல்லோருக்கும். அதோடு மெல்டெமி என்று ஒரு வடகாற்று, ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான் ஏஜியன் கடலில் உச்சத்துக்கு வரும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஒரு துளி மழை இருக்காது, ஆனால் காற்று மிஞ்சினால் கப்பல்களைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்ப விடமாட்டார்கள். வேகப் படகுகளை முதலில் நிறுத்துவார்கள். மணிக்கணக்கில் போட்ட உன் திட்டத்தில் ஒரு படகு நின்றால், அதற்குப் பின்னால் வாங்கிய அத்தனை சீட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியும். கடைசிச் சீட்டு வீட்டுக்குத் திரும்பும் விமானத்துக்கானது. அதையும் நீ தீவிலிருந்து வந்து இறங்கும் அதே நாள் மாலைக்கு வாங்கியிருக்கிறாய்.

தம்பி: நேரம் வீணாகக் கூடாது என்றுதான் அப்படி வாங்கினேன்.

அக்கா: டெலோஸுக்கு ஒரு பழைய விதி உண்டு, தெரியுமா? கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் அந்தத் தீவைப் புனிதப்படுத்துகிறோம் என்று அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் அகற்றிவிட்டு, இனி இங்கே எவரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று ஆணையிட்டார்கள். உன் அட்டவணைப்படி போனால் டெலோஸ் வரும்போது நமக்கு மூன்றாவது நாள், தூக்கமில்லாத இரண்டு இரவுகள், ஆகஸ்ட் மாத வெயில், நிழல் தர மரமில்லாத தீவு. அந்த விதியின் இரண்டாம் பாதியை நம் குடும்பம் மீறாமல் இருந்தால் சரி.

தம்பி: விசா வேலையையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, கையில் விரல் ரேகை மட்டும்தான் பாக்கி.

அக்கா: அது நன்றாகவே இருக்கிறது. இந்த அளவு கவனத்தோடு ஆவணம் சேர்க்கிறவன், போகிற இடத்தை மட்டும் ஏன் இப்படிக் கைவிட்டாய் என்பதுதான் புரியவில்லை. கடைசியாக ஒன்று. வலது ஓரத்தில் 'பெட்டி' என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் ஏழு தீவுகளுக்கும் நேரே அம்மா என்று எழுதியிருக்கிறாய். அம்மா தீவுக்கு ஒன்றாக ஏழு பெட்டி கொண்டுவருகிறார்களா? அவர்களிடம் இருப்பதே ஒரு சிறிய பைதானே?

தம்பி: அது அம்மாவின் பெட்டி இல்லை. நம் எல்லோருடைய பெட்டியும்.

அக்கா: எல்லோருடைய பெட்டிக்கும் எதிரே அம்மாவின் பெயர் எதற்கு?

தம்பி: விடுதி இல்லை அல்லவா? பெட்டிகளை எங்கே வைப்பது? நாம் ஊருக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை அம்மா துறைமுகத்தில் பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அக்கா: ஏழு துறைமுகங்களிலும்?

தம்பி: பிரேயஸைச் சேர்த்தால் எட்டு.

(இங்கே அக்கா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததைத் தம்பி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.)

தம்பி: அம்மாவே சொன்னார்கள், அக்கா. 'எனக்கு முட்டி வலிக்கும், நான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன், நீங்களெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்' என்றார்கள்.

அக்கா: எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள். அதை எழுத்துப்பூர்வமாக ஒரு பத்தியில் போட்டு ஏழு முறை நிரப்பியது நீ ஒருவன்தான். போன இடத்திலெல்லாம் நான் இதைத்தான் பார்க்கிறேன்: ரயில் நிலையத்தில், அருவிக்கரையில், கோட்டை வாசலில், எங்கே போனாலும் பெட்டிக் குவியலுக்கு நடுவே ஒரு வயதான பெண் உட்கார்ந்திருப்பார். அவர் பிள்ளைகள் மேலே ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, அந்தப் படத்தை அவருக்குக் காட்டுவார்கள். அவரும் நன்றாக இருக்கிறது என்பார். இங்கே அவருக்கும் விமானச் சீட்டு வாங்கி, விசா எடுத்து, காப்பீடும் செய்து, காவலுக்கு அழைத்துப் போகிறோம். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா?

தம்பி: நீங்கள் கேட்டீர்களா?

அக்கா: நேற்றே கேட்டேன். கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை வேண்டுமாம். காலையில் இறங்கிக் குளிக்க வேண்டுமாம்.

தம்பி: ஏழு தீவுகளிலும் கடல் இருக்கிறதே! துறைமுகத்தில் அம்மா உட்காரும் இடமே கடலைப் பார்த்தபடிதானே இருக்கும்?

அக்கா: தம்பி, இதற்கு நான் பதில் சொன்னால் நம் உறவு கெட்டுவிடும், அதனால் பேனாவை எடு. செப்டம்பரில் போகிறோம்; காற்று தணிந்திருக்கும், கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும். முதல் இரவு ஏதென்ஸ். பிறகு நக்சோஸில் மூன்று.

தம்பி: மூன்று மணி நேரமா?

அக்கா: இரவு! இனிமேல் எண்ணுக்குப் பக்கத்தில் இரவு என்று எழுது. ஊரிலிருந்து நடக்கிற தூரத்தில் ஆகியோஸ் ஜியார்ஜியோஸ் கடற்கரை இருக்கிறது. மணல், ஆழமில்லாத தண்ணீர், அம்மா இறங்கலாம். அடுத்து அதே வரிசையில் சாண்டோரினியில் இரண்டு இரவு. சூரியன் தன் வசதிப்படி மறையட்டும். கடைசி இரவு மறுபடி ஏதென்ஸ். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் மறுநாள் விமானத்தைப் பிடித்துவிடலாம். பெட்டிகள் விடுதி அறையில் இருக்கும். அந்தப் பத்தியை அடித்துவிடு.

தம்பி: அடித்துவிட்டேன். ஆனால் இதில் இரண்டே தீவுகள்தான் இருக்கின்றன.

அக்கா: ஆமாம்.

தம்பி: பிரேயஸிலிருந்து நக்சோஸ் போகும் கப்பல் வழியில் பாரோஸில் நிற்கும் அல்லவா?

அக்கா: சில நிமிடங்கள் நிற்கும். பின்கதவு இறங்கும், லாரிகளும் மனிதர்களும் பெட்டிகளும் ஒன்றாக முண்டியடித்து இறங்குவார்கள், ஏறுவார்கள், கதவு மூடிவிடும்.

தம்பி: கதவு திறந்திருக்கும் நேரத்தில் நான் மட்டும் இறங்கி, ஒரு காலைக் கரையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டால், மூன்று என்று சொல்லிக்கொள்ளலாமா?

அக்கா: தாராளமாகச் சொல்லிக்கொள். கதவு மூடிவிட்டால் பாரோஸில் இரவும் தங்கலாம். உன் பெட்டியை நாங்கள் நக்சோஸுக்குக் கொண்டுபோகிறோம். ஆனால் அதற்குக் காவல் இருக்க மட்டும் ஆள் கிடையாது.