யானை ஆடவில்லை

"நாதஸ்வரத்துக்கு யானை எப்படி ஆடுது பாருங்க!" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றாத திருவிழா நம் பக்கத்தில் கிடையாது. கும்பகோணம், மாயவரம், திருக்கடையூர் எங்கே எடுத்ததாக இருந்தாலும் கீழே ஒரே மாதிரி கும்பிடும் கைகள்.

அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் ஒருமுறை பாருங்கள். தவில் இல்லாவிட்டாலும் அது அப்படித்தான் ஆடும். ராத்திரி கொட்டடியில் தனியாக நிற்கும்போதும் ஆடும். பல வருஷம் சங்கிலியில் நின்ற யானைக்கு வருகிற மனக்கோளாறு அது. காட்டு யானையிடம் இதைப் பார்க்க முடியாது.

காட்டில் பெண் யானை அம்மா, பாட்டி, சித்தி என்று கூட்டத்தோடுதான் ஆயுள் முழுக்க இருக்கும். நாளெல்லாம் நடந்துகொண்டே மேயும். நம் கோயில்களில் நிற்பவை பெரும்பாலும் பெண் யானைகள்தான். ஒற்றையாக, கருங்கல் தரையில். அடுத்த முறை போனால் தும்பிக்கையை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். நகத்தைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா, சங்கிலி உரசிய இடத்தில் தழும்பு இருக்கிறதா என்று. அப்புறம் பாகன் கையில் இருக்கும் குச்சி. அடிக்கக்கூட வேண்டாம், காதுக்குப் பின்னால் சும்மா வைத்தாலே யானை நகர்ந்துவிடும். ஏன் அது போதும் என்று யோசித்தால் மீதி புரிந்துவிடும்.

சீட்டுப் பணம் எடுத்துத் தாய்லாந்து போய் யானை மேல் உட்கார்ந்து படம் போடுகிறோமே, அந்த முதுகுக்கும் கதை ஒன்றுதான். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, திரும்பக்கூட இடமில்லாத மரக்கூண்டில் அடைத்து, பட்டினி போட்டு, தூங்கவிடாமல் அடித்துப் பயத்தை ஏற்றுவது அங்கே பழைய வழக்கம். சின்ன வயதில் தஞ்சாவூர் திலகர் திடலில் சர்க்கஸ் யானை பந்து உதைத்ததற்குக் கை வலிக்கத் தட்டியவன்தான் நானும். "அது வியாபாரம், இது சாமி காரியம்" என்பார்கள். யானைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பாகன்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 2018 மே மாதம் சமயபுரம் கோயிலுக்குள்ளேயே மசினி தன் பாகனை மிதித்துக் கொன்றது. முதுமலையில் வளர்ந்த யானை அது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் உயர் நீதிமன்றம் சொல்லித்தான் முதுமலைக்கே திருப்பி அனுப்பினார்கள். போன உயிர் போனதுதான். அதிகம் பறிகொடுத்தது பாகன் குடும்பம். யானை நீட்டும் தும்பிக்கையில் விழும் சில்லறையை நம்பி அவர்களை விடாமல், உண்டியல் காசிலிருந்து மாதச் சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கலாம். நம் கோயில்களுக்கு அது பெரிய செலவா?

இனி கோயில்களோ தனியாரோ புதிதாக யானை வாங்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2023-லேயே சொல்லிவிட்டது. சரி, இருப்பவை? திருச்சி பக்கத்தில் எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறையின் யானைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. மண் தரை, கூட இன்னும் சில யானைகள். வயதானவற்றையாவது அங்கே அனுப்பலாம். திருச்சூர் மாவட்டத்தில் ஒரு கோயில் இயந்திர யானையை வைத்துக்கொண்டது. எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை, ஆனால் சிரிக்கவும் மாட்டேன்.

"யானை இல்லாமல் கோயிலுக்கு அழகேது" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. பெரிய கோயில் யானை வெள்ளையம்மாள் இறந்து பல வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அங்கே யானை இல்லை. வருகிற பிரதோஷத்துக்குப் போய்ப் பாருங்கள், நந்திகிட்ட நிற்க இடம் கிடைக்கிறதா என்று.