அது இந்தி இல்லீங்க, ஒடியா

ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாமில் வைத்திருந்த போர்டை ஒரு தம்பி கிழித்ததைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். கிழிந்த போர்டின் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்தாயிற்று. "திருப்பூரில் இந்தித் திணிப்பு, கிழித்த தம்பிக்கு வாழ்த்துகள்" என்ற பதிவுக்கு என் நண்பர்கள் பதினோரு பேர் இதயம் போட்டிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன்.

இதயம் போடுவதற்கு முன்னால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்திருக்கலாம். அது இந்தி இல்லீங்க, ஒடியா. இந்தி எழுத்துக்குத் தலையில் கோடு இருக்கும். ஒடியா உருண்டை உருண்டையாக இருக்கும், நம் எழுத்தைப் போலவே ஓலையில் பழகிய எழுத்து. எந்த மொழி என்றே தெரியாமல் எதிர்ப்பதற்கும் தனித் தைரியம் வேண்டும்.

போர்டில் மேலே தமிழ், கீழே ஒடியா. "தலைவலி, காய்ச்சல் உள்ளவர்கள் இங்கே உட்காரவும்." ராஜ்ஜியம் பிடிக்கும் திட்டம் எதுவும் அதில் இல்லை.

ஏன் ஒடியா? இரண்டு வருடம் முன்பு ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிளில், அதாவது தையல் மெஷினில், இருந்த பையன் தலையைப் பிடித்துக்கொண்டு "முண்ட பிந்துச்சி" என்றிருக்கிறான். ஒடியாவில் தலை வலிக்கிறது என்று அர்த்தம். சூப்பர்வைசர் காதில் விழுந்தது "முண்டம்". கையை ஓங்கிவிட்டார். பஞ்சாயத்து முற்றிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது பையன் கட்டிங் டேபிளுக்கு அடியில் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். சூப்பர்வைசரும் கெட்டவர் இல்லை, விஷயம் புரிந்ததும் அவர்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினார். நடுவில் ஒரு சொல் புரியவில்லை, அவ்வளவுதான்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கிறேன் என்றபோது அப்பா, "இது படிச்சா என்ன சம்பளம் அம்மணி?" என்றார். பதினாறு வருடம் ஆயிற்று, அந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை. சத்தியமங்கலம் மலையில் இருளர் மொழியைப் பதிவு செய்தேன். அப்புறம் திருப்பூர். இந்த வேலைக்கு மொழி நீதி என்று பெயர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஸ்பானிஷ் பேசும் தொழிலாளர்களோடு வேலை செய்தவர்கள் வழியாகப் பரவிய சொல் அது. பெயர் பெரிதாக இருக்கிறது, செய்வது இதுதான்: பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குச் சொல்வது.

"அவன் தமிழ் கத்துக்கட்டும்" என்கிறீர்கள். கற்றுக்கொள்கிறான் சாமி. ஞாயிறு மாலை வகுப்பில் அவர்கள் முதலில் பிடிப்பதே "ஏனுங்க"தான். ஆனால் வகுப்பு முடிகிறவரை காய்ச்சல் காத்திருக்குமா?

"இன்று போர்டு, நாளை ஆட்சி மொழி" என்று ஒருவர். 1965 எனக்கும் தெரியும். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு ஒரு மொழியைத் தலையில் கட்டுவது வேறு, நம் துணியைத் தைக்கிறவனுக்கு அவன் மொழியில் ஒரு வரி எழுதுவது வேறு. உன் மொழியில் உனக்குப் புரியவேண்டும் என்றுதானே நாம் அன்றைக்குக் கேட்டோம்? அதையேதான் நானும் கேட்கிறேன். இன்னொன்று: பீகாரிலிருந்து வருகிற பலரின் வீட்டு மொழி போஜ்புரி. 2011 கணக்கெடுப்பில் ஐந்து கோடிப் பேர் போஜ்புரி என்று சொன்னார்கள், அத்தனை பேரையும் இந்திக் கணக்கில் சேர்த்தார்கள். இந்தி யாரை முதலில் விழுங்குகிறது என்று அவனிடம் கேளுங்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று போலி வீடியோ பரவி ஊரே கிடுகிடுத்தபோது காவல்துறையே இந்தியில் வேண்டுகோள் விடுத்தது. அப்போது இந்தத் தம்பிகள் எங்கே இருந்தார்கள்?

வெளியூர் ஆளால் கூலி குறைகிறது என்கிறவர்கள் அதை முதலாளியிடம் கேளுங்கள். போர்டு என்ன செய்யும்?

இதெல்லாம் பரவாயில்லை. "தெலுங்குக்காரிக்குத் தமிழ் மேல் என்ன அக்கறை" என்று எழுதியவர் என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். என் அவ்வா, அதாவது பாட்டி, கையால் எங்கள் வீட்டில் களி தின்றவர்.

ஆமாம், எங்கள் வீட்டில் தெலுங்கு. எத்தனை தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறோம் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. அவ்வா சந்தையில் பேசியது சுத்தமான கொங்குத் தமிழ். பக்கவாதம் வந்து கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தமிழ் மட்டும் அவரை விட்டுப் போய்விட்டது. "செய்யி, செய்யி" என்றே இருந்திருக்கிறார். நர்ஸ் பொறுமையாக, "என்ன செய்யணும் பாட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. செய்யி என்றால் தெலுங்கில் கை. நான் போய்ப் போர்வையை விலக்கினேன். டிரிப் ஊசி விலகி, இடது கை முழங்கை வரை வீங்கி, வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. வெட்டித்தான் எடுத்தார்கள்.

நர்ஸ் மேல் எனக்குக் கோபமில்லை. பெஞ்ச் நண்பர் மேல் இருக்கிறது.

புதுப் போர்டு அடித்தாயிற்று, என் காசில். தமிழ், ஒடியா, மூன்றாவது வரியாக இந்த முறை தெலுங்கும். வருகிற ஞாயிறு ஒன்பது மணி, அதே மண்டபம். கிழிக்க வருகிற தம்பி எட்டரைக்கே வந்துவிட்டால் நல்லது, நாற்காலி எடுத்துப் போட ஆள் இல்லை.