எந்தச் சாவி என்று அவர் கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நம் கட்டற்ற மென்பொருள் (மூலநிரல் திறந்திருப்பதால் யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருள்) குழுவில் கேட்ட கேள்வியையும், அதற்குக் கிடைத்த "வீட்டுச் சாவியைப் போட்டுப் பாருங்கள் டீச்சர்" என்ற பதிலையும், அதைத் திரைப்பிடிப்பு எடுத்துத் தன் சுவரில் போட்டவருக்கு விழுந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்துவிட்டு இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஒருவர், "இப்படிப்பட்டவர்கள் வாட்ஸ்அப்பிலேயே இருந்துகொள்ளட்டும்" என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் பேசாமல் இருந்தால் நானும் சேர்ந்து சிரித்ததாகவே ஆகும்.

அவர் கேட்டது இவ்வளவுதான். பழைய கைப்பேசி கெட்டுப்போய்ப் புதியது வாங்கினார். நாம் எல்லோரும் சேர்ந்து பரிந்துரைத்த அதே செயலியை நிறுவினார், பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே நுழைந்தார். பழைய செய்திகள் ஒன்றையும் காணோம்; "மீட்புச் சாவியை உள்ளிடவும்" என்று மட்டும் வந்தது. எந்தச் சாவி என்று கேட்டார். இதைவிட நியாயமான கேள்வியை அந்தக் குழுவில் இந்த வருடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்பியவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்கமுடியாதபடி செய்தியைப் பூட்டுவது) என்றால் செய்தியைத் திறக்கும் சாவி வழங்கியில் (சர்வரில்) இராது, அவரவர் கைப்பேசியில்தான் இருக்கும், கைப்பேசி போனால் சாவியும் போகும், ஆகவே முதல்நாளே ஒரு நீண்ட எழுத்துச் சரத்தைக் காட்டி இதைப் பத்திரமாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்று செயலி சொல்லும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? அந்தத் திரையின் கீழே "பிறகு" என்று ஒரு பொத்தான் இருந்திருக்கும். பேரனின் புகைப்படத்தைப் பார்க்க வந்தவர் அதைத்தான் அழுத்துவார். நானும் அழுத்தியிருக்கிறேன், சிரித்தவர்களில் பாதிப்பேராவது அழுத்தியிருப்பார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். குழு அரட்டைச் செயலி என்பதை அந்தக் குழுவிலேயே அதிகம் தயங்குகிறவரை மனத்தில் வைத்து வடிவமைக்க வேண்டும். இதை இரக்கத்தினால் சொல்லவில்லை, கணக்கினால் சொல்கிறேன். ஆவணம் எழுத லிப்ரே ஆஃபிஸுக்கோ, படம் பார்க்க விஎல்சிக்கோ, இணையத்தில் உலாவ ஃபயர்ஃபாக்ஸுக்கோ நான் தனியாளாக மாறிக்கொள்ளலாம். என் மாமனாரின் சம்மதம் அதற்குத் தேவையில்லை. குழு அரட்டை அப்படியில்லை. முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர் வரவில்லை என்றால், மற்ற முப்பத்தேழு பேரும் அந்த ஒருவருக்காகப் பழைய இடத்தையும் வைத்துக்கொள்வார்கள். இரண்டையும் பார்த்துக்கொண்டிருப்பது பாரம் என்று பத்து நாளில் பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். கடைசி இலைக்குச் சாம்பார் வராத பந்தியை யாரும் நல்ல பந்தி என்று சொல்வதில்லை. நாமோ முதல் இலையில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் ருசி எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதை நான் சூடுபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் நான்கு நாட்களுக்கு ஒருமுறை வரும். எத்தனை மணிக்கு வரும் என்பது வால்வைத் திறப்பவருக்கே வெளிச்சம். தெருமுனை வீட்டில்தான் முதலில் தண்ணீர் ஏறும் என்பதால், அவர்கள் "வந்தாச்சு" என்று ஒரு வார்த்தை போட்டதும் மற்றவர்கள் எழுந்து குழாயைத் திறப்பார்கள். அதற்காகவே ஒரு வாட்ஸ்அப் குழு. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கை வந்து ஊரே பதறியபோது, இதுதான் சமயம் என்று நான் வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரின் கைப்பேசியையும் வாங்கி, ஒரு கட்டற்ற செயலியை நிறுவிக் கொடுத்தேன். செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தப் பதிவின் கீழே அந்தச் செயலியைப் பற்றி மட்டுமே பேசுவீர்கள். முப்பத்தெட்டுப் பேருக்கும் பயனர்பெயர், கடவுச்சொல், எந்த வழங்கி என்ற தேர்வு எல்லாம் நானே செய்தேன். என் ஒரு சனி, ஞாயிறு அதற்கே போனது. பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் எதிர்வீட்டு அக்கா கைப்பேசியும் கையுமாக வாசலில் நின்றார். "தம்பி, தண்ணி வந்துச்சான்னு பாத்தா, மறை நீக்க இயலவில்லைன்னு வருது. மறைன்னா வேதம்தானே? வேதத்தை எதுக்கு நீக்கணும்?" என்றார். திரையில் தெருமுனை வீட்டிலிருந்து வந்த ஒரு செய்தி இருந்தது; அதன் இடத்தில் சாம்பல் நிறத்தில் "இச்செய்தியின் மறை நீக்க இயலவில்லை" என்று எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவன் நான்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூட்டிய செய்தியைத் திறப்பதற்கு "மறைகுறி விலக்கம்" என்பது நீளமாக இருக்கிறது, "மறை நீக்கம்" கச்சிதமாக இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் குழுவில் அரைநாள் வாதாடி வென்றேன். இதைப் படிக்கப்போகிறவர் தண்ணீருக்காகக் காத்திருப்பவராக இருப்பார் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. அவருக்கு அங்கே தேவைப்பட்டது "தெருமுனை வீட்டாரின் செய்தி இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை, சற்றுப் பொறுங்கள்" என்ற ஒரு வரி. கலைச்சொல்லே இல்லாத வரி.

அது போகட்டும் என்றால், அறிவிப்புகள் நேரத்துக்கு வரவில்லை. ஐந்து பத்துக்குப் போட்ட "வந்தாச்சு" ஐந்து ஐம்பதுக்கு ஒலித்தது. அதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். கூகுளின் அறிவிப்புச் சேவையைக் கொள்கைக்காகத் தவிர்த்து எஃப்-டிராய்ட் என்ற கட்டற்ற செயலிக் கிடங்கில் வெளியாகும் பதிப்பைத்தான் நான் எல்லோருக்கும் நிறுவியிருந்தேன். அப்படிப்பட்ட பதிப்பு பின்னணியில் தானே விழித்திருந்து வழங்கியோடு இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மலிவான கைப்பேசிகளோ பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பின்னணியில் ஓடுகிற எதையும் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும். அமைப்புகளுக்குள் போய், பேட்டரிக்குள் போய், கட்டுப்பாடு இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் எனக்கு விளக்கம் எழுதினார். நன்றி. முப்பத்தெட்டு வீட்டுக்கும் போய் அதையும் செய்தேன். பதினோராம் நாள் தெருமுனை வீட்டார் வாட்ஸ்அப்பிலேயே "வந்தாச்சு" போட்டார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கடிந்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

இந்த இடத்தில், வசதிக்காக அந்தரங்கத்தை அடகு வைக்கச் சொல்கிறாயா என்று கேட்பவர்கள் வந்துவிடுவார்கள். கைப்பேசி எண்ணை அடையாளமாக்கினாலே அது கண்காணிப்புக்கு உடந்தை என்பார்கள். எண் நல்ல அடையாளம் அல்ல என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதிர்வீட்டு அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே முகவரி அதுதான். சிக்னல் என்ற கட்டற்ற அரட்டைச் செயலி எண்ணோடுதான் தொடங்கியது; 2024 பிப்ரவரியில் பயனர்பெயர் வசதியைக் கொண்டுவந்து, எண்ணைப் பிறரிடமிருந்து மறைத்துக்கொள்ள வழிசெய்தது. பதிவுசெய்ய இன்றும் எண் வேண்டும், அது குறைதான். என்றாலும் முதலில் வாசலைத் திறந்தார்கள், பிறகு திரைச்சீலை போட்டார்கள். எக்ஸ்எம்பிபி என்ற திறந்த அரட்டை நெறிமுறையின் உலகத்திலேயே குவிக்சி என்று ஒரு செயலி, எண்ணைக் கொடுத்தால் போதும், தொடர்பில் இருப்பவர்களைத் தானே தேடிக்கொள்கிறது. அதன் வழியிலேயே இந்தியாவில் பிராவ் என்றொரு முயற்சி நடக்கிறது. டெல்டா சாட் மின்னஞ்சலின் மேலேயே அரட்டையைக் கட்டியிருக்கிறது. அதாவது, யோசித்தவர்கள் இருக்கிறார்கள். நம் குழுவில் இவற்றைப் பற்றிப் பேசினால் "தூய்மை இல்லை" என்று ஒரே சொல்லில் கதை முடிந்துவிடுகிறது.

வாட்ஸ்அப் சாவியே கேட்பதில்லையே என்று சொன்னால் அது ஏமாற்று என்கிறார்கள். பாதி உண்மை. கூகுள் டிரைவில் ஏறும் வாட்ஸ்அப் காப்புப்படிகளுக்கு (பேக்அப்) 2021 வரையில் முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. அந்த ஆண்டுதான் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்று கொடுத்தார்கள். ஆக அந்தச் சுகத்துக்கு ஒரு விலை இருந்தது, அந்த விலை யாருக்கும் சொல்லப்படவில்லை. இதில் நான் நம் பக்கம்தான். ஆனால் விலையைச் சொல்லாமல் விட்டது அவர்கள் பிழை என்றால், விலையை முதல் நிமிடத்திலேயே எழுத்துச் சரமாக நீட்டி, கட்டமுடியாதவரைப் பார்த்துச் சிரிப்பது நம் பிழை இல்லையா?

பெரிய கம்பெனியிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்பது அடுத்தது. 2014இல் 1,900 கோடி டாலருக்கு ஃபேஸ்புக் வாங்குவதாக அறிவித்தபோது, வாட்ஸ்அப்பில் இருந்த ஊழியர்கள் ஐம்பது பேருக்குச் சற்று மேல். மாதந்தோறும் பயன்படுத்தியவர்கள் சுமார் 45 கோடி. அதன் அடித்தளமே ஈஜாபர்டி என்ற கட்டற்ற மென்பொருள். பேசிய மொழி எக்ஸ்எம்பிபியைத் தட்டிக்கொட்டிச் சுருக்கிய ஒன்று. 1999இல் ஜெரமி மில்லர் ஜாபர் என்ற பெயரில் அறிவித்தது பின்னாளில் எக்ஸ்எம்பிபி ஆனது. பத்தாண்டுகள் நம் கையில்தான் இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் நம்முடையவை. அவர்கள் செய்ததெல்லாம், பயனர்பெயர், கடவுச்சொல், வழங்கி என்ற மூன்று கேள்விகளை எடுத்துவிட்டு எண் என்ற ஒரே கேள்வியைக் கேட்டது. மூன்று படியை இடித்து ஒன்றாக்கப் பணமா வேண்டும்?

மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு திறந்த அரட்டை நெறிமுறையின் மேல் பிரெஞ்சு அரசு 2019இல் ட்சாப் என்ற செயலியை அரசு ஊழியர்களுக்குக் கொண்டுவந்ததை யாராவது உதாரணம் காட்டுவார்கள். நல்ல உதாரணம். அரசு தன் ஊழியருக்குச் சொன்னால் ஊழியர் சேர்ந்துதான் ஆக வேண்டும். சிக்கல் வந்தால் தொலைபேசியை எடுக்க ஒரு துறை இருக்கும். என் தெருவுக்கு யார் ஆணையிடுவது? சேரும்படி யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில் ஒரு செயலி நிற்கிறதா என்பதுதான் எனக்கு வேண்டிய சோதனை.

மக்கள் மாறவே மாட்டார்கள் என்கிற வாதத்துக்கு நான் அதிகம் சொல்லப்போவதில்லை. 2021 ஜனவரி நடுவில் சிக்னலில் வந்து குவிந்த கூட்டத்தைத் தாங்காமல் அதுவே ஒருநாள் முடங்கியது. 2025 செப்டம்பர் இறுதியில் சோஹோ நிறுவனத்தின் "அரட்டை" என்ற செயலிக்குக் கூட்டம் அலைமோதியது. அதன் மூலநிரல் திறந்ததல்ல, ஆனாலும் எதிர்வீட்டு அக்கா யாருடைய உதவியும் இல்லாமல் எண்ணைக் கொடுத்து உள்ளே போய், எனக்கு ஒரு மல்லிகைப்பூ படம் அனுப்பினார். மாறுகிறார்கள். நாம் கூப்பிட்ட இடத்துக்குத்தான் வருவதில்லை.

கடைசியாக, இலவசமாக உழைப்பவர்களைக் குறை சொல்ல உனக்கு என்ன உரிமை என்று ஒரு நண்பர் தனிச்செய்தியில் கேட்டார். அவருக்குப் பொதுவில் பதில் சொல்கிறேன், மன்னிக்கவும். நானும் இலவசமாகத்தான் உழைத்தேன். நான்காயிரத்துக்கு மேற்பட்ட வரிகளை அலுவலகம் முடிந்த இரவுகளில் மொழிபெயர்த்தேன். அந்தச் சாம்பல்நிற வாக்கியத்தை எளிமையாக்கும்படியும், "பிறகு" என்பதை அழுத்துகிறவருக்கு மறுநாள் மறுபடி நினைவூட்டும்படியும் செயலியை உருவாக்குபவர்களுக்கு ஒரு வழு (குறை) அறிக்கை எழுதினேன். தெருவில் நடந்ததை முழுக்க, வேதம் உட்பட, எழுதினேன். ஏழு மாதம் கழித்து "வடிவமைத்தபடியே இயங்குகிறது" என்ற ஒற்றை வரியோடு மூடினார்கள். அதில் தவறேதும் இல்லை. உண்மையிலேயே வடிவமைத்தபடிதான் இயங்கியது. அன்றிலிருந்து நான் ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை, அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை. சரி, இது என் சொந்தக் குறை. ஆசிரியையின் கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. கேட்பவரைக் குற்றவாளியாக்கிவிட்டால் வடிவமைப்பைத் திருத்த வேண்டியதில்லை.

கொள்கைக்காக வாட்ஸ்அப்பை அழித்துவிட்டவன் நான் என்பதால், தண்ணீர் வரும் நாட்களில் எதிர்வீட்டு அக்கா எனக்கு மட்டும் ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறார். ஐந்து வருடமாக ஒருநாளும் தவறியதில்லை.

திரைப்பிடிப்பைப் போட்ட நண்பருக்கு ஒரு வார்த்தை. கைப்பேசி எண்ணை அடையாளமாக்குவது அந்தரங்கத்துக்கு எதிரானது என்று போன மாதம் ஒரு கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியவர் நீங்கள்தான். முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன் நான். உங்கள் சுவரில் இருக்கும் படத்தில் அந்த ஆசிரியையின் பெயர், முகப்படம் எல்லாம் அப்படியே தெரிகின்றன. ஓரத்தில், தொடர்புகொள்ள வசதியாக இருக்கட்டும் என்று அவரே எழுதிக் கொடுத்த கைப்பேசி எண்ணும் இருக்கிறது. மூன்று நாளாகிறது, சிரித்தவர்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. இந்தப் பதிவுக்குப் பதில் எழுதுவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள்.