மன்னிப்புக் கேட்ட சட்டம் கேட்கும் ஆவணங்கள்

அணுகுண்டுச் சோதனைகளாலும் யுரேனியச் சுரங்கங்களாலும் நோயுற்றவர்களுக்காக அமெரிக்க அரசு 1990 அக்டோபரில் கொண்டுவந்த இழப்பீட்டுச் சட்டம், அவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்புக்குத் தாமும் உரியவரே என்பதை ஒவ்வொருவரும் ஆவணம் காட்டி மெய்ப்பிக்க வேண்டியிருப்பதால், அருகில் அமர்ந்து அவற்றைத் தேடித்தர ஆளில்லாதவர்களுக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை என்றே நான் கருதுகிறேன்.

நவாஹோ பழங்குடியினரின் மண்ணிலிருந்து 1944 முதல் 1986 வரை ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டியெடுக்கப்பட்டது. போதிய காற்றோட்டமில்லாத சுரங்கங்களில் ரேடான் என்னும் கதிரியக்க வாயு கலந்த காற்றைச் சுவாசித்து உழைத்தவர்களில் பலர் பின்னாளில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்கள். அவர்களுடைய மனைவியர் விண்ணப்பித்தபோது திருமணச் சான்றிதழ் கேட்கப்பட்டது. மரபுச் சடங்குப்படி, ஊரார் முன்னிலையில் மணந்துகொண்டவர்களிடம் அப்படியொரு காகிதம் எங்கிருந்து வரும்? கணவரை இழந்த ஒரு மூதாட்டி, தாம் அவருடைய மனைவிதான் என்பதையே மெய்ப்பிக்க அலைய நேர்ந்ததை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

வழி தெரிந்தவர் உடனிருந்தால் நிலைமை மாறுகிறது. அரசின் பொதுச் சுகாதாரத் துறை 1950-இல் சுரங்கத் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராயத் தொடங்கியது; ஆனால் அவர்களைச் சூழ்ந்திருந்த ஆபத்தை அவர்களிடம் சொல்லவில்லை. அதே ஆய்வின் பதிவேடுகள் இன்று, ஒருவர் சுரங்கத்தில் வேலை செய்தார் என்பதற்கான ஆதாரமாக ஏற்கப்படுகின்றன. சம்பளச் சீட்டு எதுவும் கையில் இல்லாத முதியவருக்கு இப்படியொரு வழி இருப்பதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்; அதுவும் அவருடைய மொழியிலேயே சொல்ல வேண்டும். முதல் விண்ணப்பத்துக்கு வழக்கறிஞர் பெறக்கூடிய கட்டணத்தை 2000-ஆம் ஆண்டின் திருத்தம் இழப்பீட்டில் 2 விழுக்காடாக வரம்பிட்டது. ஏழைகளைச் சுரண்டலிலிருந்து காக்கும் நல்ல விதி அது என்றாலும், தொலைதூரச் சிற்றூர்களுக்கு வழக்கறிஞர்களைத் தேடிவரச் செய்யும் அளவுக்கு அந்தத் தொகை பெரியதன்று. ஆகவே அந்த வேலை, அரசு நிதியுதவியுடன் பரிசோதனையும் விண்ணப்ப உதவியும் அளிக்கும் மருத்துவ நிலையங்களின் தோள்மீதே விழுகிறது. அவற்றுக்கான நிதியும் இழப்பீட்டைப் போலவே அரசின் கடமை என்பேன்.

2024 ஜூனில் காலாவதியான இச்சட்டம் 2025 ஜூலையில் விரிவாக்கப்பட்டு மீண்டும் உயிர்பெற்றது. 1945-இல் முதல் அணுகுண்டு வெடித்த நியூ மெக்சிகோ மாநிலத்தின் மக்கள், 80 ஆண்டுகளுக்குப் பிறகு இப்போதுதான் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கான இழப்பீடு 1,00,000 டாலர். அதைப் பெற, 1944-க்கும் 1962-க்கும் இடையில் குறைந்தது ஓராண்டேனும் அங்கு வசித்ததற்கு ஆதாரம் வேண்டும். பழைய பள்ளிப் பதிவேட்டிலோ, வரி ரசீதிலோ, தேவாலயத்தின் ஞானஸ்நானக் குறிப்பிலோ அது கிடைக்கலாம். விண்ணப்பிக்க 2027 டிசம்பர் 31 கடைசி நாள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போதே பெரியவர்களின் பக்கத்தில் அமர்ந்து, எந்த ஊரில், எந்தப் பள்ளியில், எந்த ஆண்டில் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.