தேவைப்படவில்லையாம்

முந்தாநாள் எல்லோர் பக்கத்திலும் சுற்றிய அந்த அறிவிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "மூன்று வயது லாப்ரடார். சாது. அப்பாவின் ரத்த அழுத்தத்துக்காக வாங்கினோம். இப்போது மாத்திரையிலேயே கட்டுக்குள் இருப்பதால் தேவைப்படவில்லை. நல்ல மனிதர்களுக்கு இலவசம்."

தேவைப்படவில்லையாம். அதன் கீழே நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன்: "அட்டையில் இன்னும் எத்தனை மாத்திரை மிச்சம்?" அதற்குத்தான் இரண்டு நாளாக இத்தனை வசவு.

இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாய் மருந்து இல்லை. பூனையும் மருந்து இல்லை. வேளைக்கு ஒன்று விழுங்கிவிட்டு, குணமானதும் அட்டையைத் தூக்கி எறிகிற சமாச்சாரம் இல்லை அது.

"அப்படியானால் பிராணி வளர்த்தால் உடம்புக்கு நல்லது என்கிற ஆராய்ச்சி எல்லாம் பொய்யா?" என்று கேட்கிறார் ஒரு நண்பர். யார் சொன்னது பொய்யென்று? 1980-இல் எரிகா ஃப்ரீட்மன் குழுவினர் இதய நோயோடு மருத்துவமனையில் சேர்ந்த 92 பேரை ஓர் ஆண்டு கவனித்தார்கள். வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் இறந்தது 3 பேர். வளர்க்காத 39 பேரில் 11 பேர். 2017-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு 34 லட்சம் பேரின் 12 ஆண்டுப் பதிவேடுகளைப் புரட்டியது. தனியாக வாழ்கிறவர்களில் நாய் வளர்த்தவர்களுக்கு இறப்பு அபாயம் 33 சதவீதம் குறைவு. ஆனால் நடக்கத் தெம்பு உள்ளவர்தானே நாய் வாங்கவே யோசிப்பார்? எது முதலில் வந்தது என்று அந்தக் கணக்கு சொல்லாது. அமெரிக்க இதயச் சங்கம் 2013-இல், நாய் வளர்த்தால் இதய நோய் அபாயம் குறையக்கூடும் என்று சொன்ன கையோடு, அதற்காகவே பிராணி வாங்காதீர்கள் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் படம் போட்டுப் பகிர்கிறீர்கள்.

என் அம்மாவுக்குச் சர்க்கரை. நடக்கச் சொல்லி மருத்துவர் ஆறு வருடம் சொன்னார். பிள்ளைகள் நாங்கள் மூவரும் தொலைபேசியில் சொன்னோம். அம்மா வாசலைத் தாண்டவில்லை. பிறகு மணி வந்தான். விடிந்ததும் கதவருகே நின்று ஒரு பார்வை பார்ப்பான்; அம்மா செருப்பைத் தேடுவார். சர்க்கரை இறங்கியது உண்மை. ஆனால் மணி வைத்தியம் ஒன்றும் பார்க்கவில்லை. நச்சரித்தான். மழையில் இழுத்துக்கொண்டு போனான். ஒரு தடவை கீழே தள்ளி அம்மாவின் மணிக்கட்டை உடைத்தான் (இதை எந்த ஆய்வில் சேர்ப்பார்களோ). கட்டுப் போட்ட கையோடு, இடது கையால் அவனுக்குத் தட்டு வைத்தார் அம்மா. அந்தத் தொல்லையை எடுத்துவிட்டு நன்மையை மட்டும் தா என்றால் யார் தருவது?

"ஒவ்வாமை வந்தால்? ஆஸ்துமா வந்தால்?" நியாயம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அறிவிப்பில் தும்மல் என்ற சொல்லே இல்லையே!

கர்ப்பம் என்று தெரிந்ததும் பூனையைக் கொண்டுபோய் விட்டுவிட்டோம், அதுவும் தப்பா என்று கேட்டவருக்கு: பூனையின் கழிவில் வரும் டாக்சோபிளாஸ்மா (கருவைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணி) தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதற்குள் வீட்டில் வேறு யாராவது கழிவுத் தட்டைச் சுத்தம் செய்தால் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. அந்த 'வேறு யாராவது' பெரும்பாலும் கணவர். சிக்கல் பூனையிடம் இல்லை என்று நினைக்கிறேன்.

"பிள்ளை இல்லாதவர்களுக்குத்தான் இந்த நாய்ப்பாசம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்தேன்.

அந்த அப்பாவை யாராவது கேட்டார்களா? நாயைக் கொண்டுவந்து விட்டபோதும் கேட்டிருக்க மாட்டார்கள், இப்போதும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று வருடம் அவர் காலடியில் படுத்திருந்த உயிர். ரத்த அழுத்தம் அளக்கிற கருவி அதையும் அளக்குமா என்ன?

நம்மால் போக முடியவில்லை, நாயை அனுப்புகிறோம். இதைச் சொல்ல எனக்கே யோக்கியதை கிடையாது. மணியை வாங்கி அம்மாவிடம் விட்டவன் நான்தான். துணைக்கு ஆள் ஆயிற்று என்று நிம்மதி. மாதம் ஒரு தடவை போய்க்கொண்டிருந்தவன் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போனேன். தொலைபேசியில் அம்மா மணி தின்றதையும் தின்னாததையுமே பேசுவார். நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா போன பதினாறாம் நாள் அண்ணன் கேட்டார்: "இனிமேல் அது எதற்கு?"

முந்தாநாள் அந்த அறிவிப்பில் நான் படித்தது அந்தக் குரலைத்தான். அதனால் கொஞ்சம் அதிகமாகவே கோபப்பட்டிருக்கலாம். வருத்தம் தெரிவிக்கும் எண்ணம் இல்லை.

மணி இப்போது என்னிடம்தான் இருக்கிறான். பதின்மூன்று வயது. படி ஏற முடிவதில்லை, தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். என் முதுகுக்கு இதனால் எந்த நன்மையும் இல்லை.

அந்த லாப்ரடாரை யாராவது அழைத்துப் போய்விட்டீர்களா? இங்கே கொண்டுவரலாம் என்றால் மணி இன்னொரு நாயை வாசல்படி மிதிக்க விடமாட்டான். தெரிந்தால் உள்பெட்டியில் ஒரு வரி சொல்லுங்கள்.