வெள்ளிக் கொலுசு கறுத்தால் போலியா?

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "நல்ல வெள்ளி கறுக்காது. கறுத்தால் கடைக்காரர் ஈயம் கலந்துவிட்டார்." இது தவறு.

சுத்த வெள்ளியும் கறுக்கும். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மேலே சில்வர் சல்ஃபைடு என்ற கறுப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. ஈரக்காற்று இதை விரைவாக்கும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைத்த கொலுசு அந்த இடத்திலேயே கறுப்பதும் இதனால்தான். பதப்படுத்திய ரப்பரில் கந்தகம் இருக்கிறது. 925 வெள்ளியில், அதாவது 92.5 சதவீதம் வெள்ளி உள்ளதில், மீதி 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்புதான். அதனால் அது இன்னும் சீக்கிரம் மங்கும். மாறாக, வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வர் பல நாள் பளபளக்கலாம். நிறத்தை வைத்துத் தரம் சொல்ல முடியாது.

தரத்தைப் பார்க்க, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ஹால்மார்க் முத்திரையையும் 925, 990 போன்ற தூய்மை எண்ணையும் பாருங்கள். நகையின் அடையாளக் குறியீடான, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க எச்யூஐடி இருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. முத்திரை இல்லாததாலேயே போலி ஆகிவிடாது. சந்தேகமென்றால் ஹால்மார்க் மையத்தில் சோதிக்கக் கொடுங்கள்.

கறுப்பு நீங்க: பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, கொலுசு அதைத் தொடும்படி வைத்து, ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றுங்கள். சில நிமிடம் போதும். முத்து, கல் பதித்தவற்றுக்கு இந்த முறை வேண்டாம். பற்பசையால் தேய்க்காதீர்கள், வெள்ளியைக் கீறிவிடும்.

சோதிக்காமல் கடைப்பெயர் போட்டுப் பரப்புவது, தலைமுறையாகத் தொழில் செய்பவர்களின் பேருக்குக் களங்கம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போடுங்கள்.